ஏழு மீட்டரும் ஒரு குப்பித் தீர்த்தமும்

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். விடியுமுன் பெய்த தூறல் நின்றிருந்தது. மேற்கே கடலுக்கு மேல் மட்டும் மேகம், மற்றபடி வெயில். இராஜாக்கமங்கலத்தில் ஸ்டான்லியின் தகரக் கொட்டகைக்குள் நின்ற காரில் உட்கார்ந்து, இஞ்சினை ஓடவிட்டு, முன்விளக்குச் சுவிட்சைப் போட்டேன். வெப்ப மீட்டரின் ஊசி இரண்டு கோடு நகர்ந்தது. விளக்கை அணைத்தேன். ஊசி பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி இரண்டு கோடு.

அதைப் பார்த்தது நான் ஒருவன்தான். பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பிகளே, இதை நான் எழுத விரும்பவில்லை. எழுத வைத்தது நீங்கள்தான். போன மாதம் நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கூட்டத்தில், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "தீர்த்தம் தெளிச்சு மீட்டர் அவுட்டான கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தார். கூட்டமே சிரித்தது. இதே கதையை நான் இதற்கு முன் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறேன். ஒன்றில் ஃபாதர் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறார். இன்னொன்றில் செவ்வாய்க்கிழமை வண்டி எடுத்ததுதான் குற்றம். மூன்று கதையும் பொய். மூன்றுக்கும் விதை போட்டவன் நான். இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சரியாகச் சொல்லட்டும்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்கு: அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் மின்பிரிவில் இருந்தேன். கடைசிப் பதினெட்டு வருடம் மீட்டர் மேசை மட்டும். வேக மீட்டர், ஆயில் மீட்டர், வெப்ப மீட்டர் என்று ஊசி உள்ள எதுவும் என் மேசைக்குத்தான் வரும். அதனால் எல்லோருக்கும் நான் மீட்டர் சார். ஓய்வு பெற்ற பிறகும் அழைக்கிறவர்களுக்குப் போய்ச் செய்து கொடுப்பேன்.

ஸ்டான்லி குளச்சல்காரன். ஒன்பது வருடம் வளைகுடாவில் கார்களை அலங்கரித்து மாற்றும் கடையில் வேலை பார்த்தவன். விடுப்பில் வந்து, ஒரு பழைய காரின் இஞ்சினையும் அச்சையும் வாங்கி, மேல்கூடு முதல் ஸ்டியரிங் வரை தனித்தனிப் பாகங்களாக வரவழைத்து, ஐந்து மாதத்தில் இரண்டு பேர் உட்காரும் ஒரு திறந்த காரைத் தானே பூட்டினான். கிட் கார் என்கிறீர்களே, அது. அதன் காகிதங்கள், பதிவு பற்றியெல்லாம் அவனிடம் கேளுங்கள். என் பொறுப்பு இஞ்சினிலிருந்து ஓட்டுகிறவன் கண்வரை உள்ள தூரம் மட்டுமே.

டேஷ்போர்டு கார்பன் ஃபைபர். கறுப்புப் பாய் பின்னியதுபோல், சாய்த்துப் பார்த்தால் பின்னல் மினுங்கும். அதில் ஏழு துளை, ஏழு மீட்டர். மீட்டர்களின் முகத்தை அவனே வரைந்து அச்சடிக்கச் செய்திருந்தான். அவன் அப்பாவின் மீன்பிடி வள்ளத்துக்கு அடித்திருந்த அதே நீலம். எழுத்து முழுவதும் தமிழ்: வேகம், சுழற்சி, வெப்பம், எண்ணெய், எரிபொருள், மின்னழுத்தம், நேரம்.

"என்னத்துக்குத் தமிழ்ல?" என்று கேட்டேன்.

"அம்மைக்கு இங்கிலீசு தெரியாது சாரே. பக்கத்துல இருந்து வாசிக்கணும்லா."

அவன் அம்மா ரோஸம்மா. குளச்சலில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். மகன் கட்டிய காரில் ஏறுமுன் அதைப் பள்ளியில், அதாவது தேவாலயத்தில், மந்திரிக்க வேண்டும், அதுவும் அந்தோனியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமையில் மந்திரிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. செவ்வாய்க்கிழமை ஒரு புது ஸ்க்ரூகூட வாங்காத வீட்டில் பிறந்தவன் நான். ஆனாலும் கார் என்னுடையதல்லவே.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் காரைப் பார்க்கக் கொட்டகைக்கு வருவதாக இருந்தது. பிடித்தால் இதேபோல் நான்கு கார் செய்யச் சொல்வார். சொன்னால் ஸ்டான்லி ஊரிலேயே பட்டறை போடுவான். சொல்லாவிட்டால் இருபத்தொன்பதாம் தேதி விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான், மறுபடி மூன்று வருடத்துக்கு. அவன் அப்பா இறந்து இரண்டு வருடம். வீட்டில் ரோஸம்மா ஒருத்திதான். அவன் இருப்பதா போவதா என்பது அந்தப் பன்னிரண்டு மணியில் இருந்தது. எனக்கும் அது தெரியும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். துளைகளின் ஓரத்தில் மாட்ட ஏழு ரப்பர் வளையம் கொண்டுபோயிருந்தேன். அதிர்வு தாங்குவதற்காக. பணிமனையில் அப்படித்தான் செய்வோம். ஸ்டான்லி ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தான். முகம் சுளித்தான்.

"வேண்டாம் சாரே. சுத்தி ரப்பர் தெரியுகு. இவ்வளவு அழகான பின்னலுக்கு மேல ஆட்டோ மீட்டர் வச்ச மாதிரி இருக்கும்."

"குலுங்குமே?"

"மீட்டர்க்க பின்னால கிளாம்பு இருக்குல்லா. நான் வேல செஞ்ச கடையில எதுக்கும் ரப்பர் போட்டதில்ல. நூறு வண்டியாவது செஞ்சிருப்பேன்."

நான் ரப்பர்களைத் திரும்பப் பையில் போட்டேன். கார்பன் ஃபைபர் என்பதில் எனக்குக் கேட்டது ஃபைபர் என்ற சொல் மட்டுமே. ஃபைபர் படகில் மீட்டர் மாட்டியிருக்கிறேன், ஃபைபர் மின்சாரம் கடத்தாது, ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் வயர் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஏழு மீட்டருக்கு ஏழு எர்த். மொத்தம் நாற்பத்துமூன்று வயர். எல்லாவற்றையும் இரண்டு முறை எண்ணினேன். எண்ணிக்கையில் குறையே இல்லை.

பென்சிலின் நடுவில் இருப்பது எது, டார்ச் செல்லின் நடுவில் இருக்கும் கறுப்புக் கம்பி எது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அந்தப் பாடத்தில் நான் முழு மதிப்பெண் வாங்கியவன். அந்தக் கொட்டகையில் அது எனக்குத் தோன்றவில்லை. ஸ்டான்லி பழகிய கடையில் மாட்டியதெல்லாம் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய கார்பன் ஒட்டிய பலகைகள். இது முழுக்கக் கார்பன். அதை அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் அழகைக் கேட்டான். உண்மையைச் சொல்வதற்கென்று கூப்பிடப்பட்டவன் நான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டர் விசிறியைத் தானாக ஓடவைக்கும் சுவிட்ச் அன்றுவரை வந்து சேரவில்லை. அதற்குப் பதில் ஒரு கை சுவிட்ச் வைத்திருந்தோம். வெப்ப ஊசி நடுவைத் தாண்டினால் ஸ்டான்லி அதைப் போட வேண்டும். ஆக, அந்த இஞ்சினுக்குக் காவல் அந்த ஒரு ஊசிதான்.

இப்போது எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் திரும்புகிறேன். விளக்கைப் போட்டால் ஊசி நகர்கிறது.

பணிமனையில் எனக்கு மேலே ஒரு ஃபோர்மேன் இருந்தார். யாரையும் பாராட்டாத மனிதர். ஒருநாள் நாற்பத்தாறு பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்ட மதுரைப் பேருந்தை வாசலில் கை நீட்டி மறித்தார். விளக்கைப் போட்டதும் ஆயில் ஊசி ஆடியது என்பதுதான் காரணம். கிளை மேலாளர் வந்து கத்தினார். பயணிகள் கத்தினார்கள். ஃபோர்மேன் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "விளக்குக்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இல்லாதது ஆடினால், அது சொல்கிற மற்ற எதையும் நான் நம்ப மாட்டேன்." ஐம்பது நிமிடம் தாமதமாகத்தான் பேருந்து போனது. கழன்றுபோன ஒரு எர்த்தை நான்தான் பூட்டினேன். அவருக்கு மெமோ வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பேருந்துக்குப் போனார்.

அந்த ஐம்பது நிமிடத்தை நேரில் பார்த்தவன், இருபத்தெட்டு வருடம் கழித்து, என்ன செய்தேன்? கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதரைக்குக் குளச்சலில் ஃபாதர் காத்திருப்பார். டேஷ்போர்டைக் கழற்ற நாற்பது நிமிடம், மாட்ட நாற்பது நிமிடம். இரண்டு கோடுதானே, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"என்ன சாரே, போலாமா?" என்றான் ஸ்டான்லி.

"போலாம்" என்றேன்.

போகும்போது அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். என் ஸ்கூட்டரை அவன் சிநேகிதன் பின்னால் ஓட்டி வந்தான். இருபத்தொரு கிலோமீட்டர், முப்பத்தெட்டு நிமிடம். கடற்காற்று எதிரே அடித்தது, நெரிசல் இல்லை, ஊசி நடுவில் அசையாமல் நின்றது. அப்படி அசையாமல் நின்றதே சந்தேகத்துக்கு உரியது. எனக்கோ பெருமையாக இருந்தது.

பள்ளி முற்றத்தில் ஃபாதர் செபம் சொல்லி நான்கு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். டேஷ்போர்டில் விழுந்தது பத்துப் பன்னிரண்டு துளி இருக்கலாம். பிறகு ரோஸம்மா தன் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். அதுவும் பள்ளியில் வாங்கிய தீர்த்தம்தான், உப்பு சேர்த்து மந்திரித்தது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, ஒவ்வொரு மீட்டராகத் தடவி, ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தார்.

"வேகம். சுழற்சி. இது என்னல மக்கா சுழற்சி? உனக்க மண்டையா?"

"இஞ்சின் சுத்துகதும்மா."

"வெப்பம். எண்ணெய். கொள்ளாம், நல்லாயிருக்கு. உனக்க அப்பன் வள்ளத்துல ஒரு மீட்டரு உண்டா? காத வள்ளத்துப் பலகையில வச்சுக் கேப்பாரு, அவ்வளவுதான்."

அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து நான் ஒரு நிமிடம் இரண்டு கோடுகளை மறந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்கு மன்னிப்பு உண்டு. மற்ற நிமிடங்களுக்கு இல்லை.

திரும்பும்போது ரோஸம்மா மகன் பக்கத்தில் ஏறினார். சிநேகிதனைக் குளச்சலிலேயே விட்டுவிட்டு நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். பத்து மணி நாற்பத்தேழுக்கு, மண்டைக்காடு தாண்டியதும், கார் ஓரமாக நின்றிருந்தது.

"என்னாச்சு?" என்று கேட்டு இறங்கினேன்.

ரோஸம்மா கால் இரண்டையும் இருக்கைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார். "எனக்க காலு வேவுகு சாரே. இதுக்குள்ள என்னமோ சரியில்ல."

"இஞ்சின் பக்கத்துல இருக்குல்லாம்மா, கொஞ்சம் சூடு இருக்கும்" என்றான் ஸ்டான்லி.

"நாப்பது வருசம் அடுப்புக்க முன்னால இருந்தவ நான். சூடுக்கும் வேவுகதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்?"

நான் குனிந்து பார்த்தேன். ஊசி நடுவில். "அம்மா, ஊசி நடுவுல நிக்கு. எண்பத்தஞ்சு டிகிரி. தமிழ்லயே வெப்பம்னு எழுதியிருக்கு, வாசிச்சுப் பாருங்க."

"வாசிக்கத் தெரியும் சாரே. எழுதி வச்சா நெசமாயிருமா?"

தம்பிகளே, இந்தக் கேள்வியை நம் தொழிலில் யாரும் யாரிடமும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. அதற்கு நான் சிரித்தேன். ஸ்டான்லி என் முகத்தைப் பார்த்தான். விசிறியைப் போடட்டுமா என்று அவன் கேட்டிருந்தால்கூட வேண்டாம் என்றிருப்பேன். அவன் கேட்டது அதுவல்ல.

"போலாமா சாரே? நீங்க சொல்லுங்க."

"போலாம். பன்னிரண்டுக்கு அவர் வருவாருல்லா. நான் சொல்லுகேன், போ."

ரேடியேட்டர் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்திருக்கலாம். ஐந்து நொடி வேலை. மீட்டர் மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவன் கையை ஏன் வைப்பான்? ஊசி இருக்கிறதே.

மணவாளக்குறிச்சிச் சந்தையில் மீன் வண்டியும் பள்ளிக்கூட வேனும் முகத்துக்கு முகம் நின்று பதினொரு நிமிடம் யாரும் நகரவில்லை. காற்று இல்லை, விசிறி இல்லை. பதினொரு மணி ஒன்பது நிமிடத்துக்கு முன்மூடியின் இடுக்குகளில் இருந்து ஆவி வந்தது. பிறகு ஒரு சத்தம், இரும்பு பல்லைக் கடிப்பதுபோல். இஞ்சின் நின்றது. ஊசி அப்போதும் நடுவில்.

கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கையில் கிளாசோடு வந்தார். "என்ன மக்கா, இட்லி வச்சிருக்கியா உள்ள? ஆவி நல்லா வருகு."

ஸ்டான்லிக்குச் சிரிப்பு வரவில்லை. முன்மூடியைத் திறந்து பார்த்தவன், கையை உதறிக்கொண்டு என்னிடம் திரும்பினான். "சாரே, ஊசி நடுவுலதான நிக்கு? என்னாச்சு சாரே?"

முப்பது பேராவது சுற்றி நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு எழுத்துச் சொல். அதற்குப் பதில் என் வாய் படித்தவன் குரலில் பேசியது.

"தண்ணி உள்ள எறங்கியிருக்கு. உப்புத் தண்ணி. உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். மீட்டர் தப்பாக் காட்டிருக்கு."

"எந்தத் தண்ணி?" என்றார் டீக்கடைக்காரர்.

 நான் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ரோஸம்மாவின் மடியில் அந்தக் குப்பி இருந்தது. எல்லாக் கண்ணும் அங்கே போனது. அவர் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

திருவனந்தபுரத்துக்காரர் ஸ்டான்லி ஃபோனில் சொன்னதைக் கேட்டுச் சந்தைக்கே வந்தார். நான்கு நிமிடம் பார்த்தார். யாரோ அவரிடம் தீர்த்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். "ஒரு கை தண்ணி பட்டா நிக்கிற வண்டியை நான் மழைக்காலத்துல என்ன செய்யட்டும்?" என்று நியாயமாகக் கேட்டுவிட்டுப் போனார். அம்மாவின் மேல் பழியைப் போட்ட அதே வாக்கியத்தால் மகனின் கைவேலையையும் கெடுத்தேன். எத்தனை பேர் ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரைக் கவிழ்த்திருக்கிறீர்கள்?

டேஷ்போர்டைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று நாள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள், சனிக்கிழமை காலை, மேசையில் குப்புறக் கவிழ்த்தேன். உப்பின் தடம் எங்கும் இல்லை. மின்னழுத்த மீட்டரின் வயர் முனை ஒன்று திரும்பி, துளையின் வெட்டு ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் கடுகளவு கருகல். பக்கத்துத் துளையில் வெப்ப மீட்டரின் முனையும் ஓரத்தைத் தொட்டது. மல்டிமீட்டரின் இரண்டு ஊசியையும் வயரில் வைக்காமல், வெறும் பலகையின் வெட்டு ஓரத்தில் வைத்தேன். மின்சாரம் போகிறது என்று அது கூவியது.

பேட்டரியின் மின்சாரம் பலகை வழியாகவே வெப்ப மீட்டருக்குப் போய், அதன் ஊசியை நடுவில் பிடித்து வைத்திருக்கிறது. கொட்டகையில் லேசாகத் தொட்டது. இரண்டு கோடு. சாலைக் குலுக்கலில் நன்றாக அழுந்தியிருக்கிறது. ஸ்டான்லி வேண்டாம் என்ற அந்த ரப்பர் வளையம் துளையின் ஓரத்தை மூடியிருந்தால் எதுவும் எதையும் தொட்டிருக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் இருபது நிமிடம்.

அதற்குப் பிறகு ஏழு நாள் வாயைத் திறக்கவில்லை. உங்களில் யாரும் இந்த ஏழு நாளைப் பற்றிக் கதை சொல்லவில்லை. சொல்ல வேண்டியது இதைத்தான். சொன்னால் இஞ்சின் திரும்பி வரப்போகிறதா என்று எனக்கு நானே வாதாடினேன். தொழிலில் எல்லோருக்கும் தவறு வரும். முப்பத்தோரு வருடத்தில் என் தவறுகள் பதினாறு, எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் தன் தவறை இன்னொருவர் சுமந்துகொண்டு போவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றுதான்.

இருபத்திரண்டாம் தேதி மாலை ஸ்டான்லி வந்தான். மீட்டர்களைக் கழற்றித் தந்தால் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அம்மை எப்படி இருக்காங்க?"

"செவ்வாக்கிழம பள்ளிக்குப் போவல சாரே. எனக்குத் தெரிஞ்சு மொத தடவ. நேத்து கேக்குகா, நான் மந்திரிக்கணும்னு பிடிவாதம் பிடிக்காம இருந்திருந்தா நீ இஞ்ச நின்னுருப்பியால, அப்படின்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல?"

நான் அப்போதும் அவனிடம் சொல்லவில்லை. நாளைக்கு வா என்றேன். பழி யார்மேல் விழுந்ததோ, முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று அன்றுதான் புத்தி வந்தது.

மறுநாள் காலை ஆறரைக்குக் குளச்சல் ஏலத்தில் நின்றேன். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. கால் வைக்க இடம் தேடி நின்ற என்னைப் பார்த்து ஒரு பெண் கூவினாள்: "ஏட்டி ரோஸே, மீட்டர் சாரு மீன் வாங்க வந்திருக்காராட்டி! சாளய எண்ணிக் குடு, எண்ணாம எடுக்க மாட்டாரு."

ரோஸம்மா நிமிர்ந்தார். கையில் மீன் செதில். "என்ன சாரே, இஞ்ச?"

"அம்மா, தீர்த்தத்தால ஒண்ணும் ஆகல. தப்பு என்னுது. அந்தப் பலகை கரண்டு கடத்தும், அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒங்க காலு சொன்னதுதான் சரி."

அவர் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டார். பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்பம் தெரியும் இது?"

"நாலாம் நாள்."

"இன்னைக்கு எத்தன?"

"பதினொண்ணு."

"அப்பம் ஏழு நாளு." விரல் மடக்காமல் சொன்னார். "ஏழு நாளு நான் அந்தோனியார் மூஞ்சியில முழிக்கல சாரே. அவரு தந்த தண்ணிதான் எனக்க பிள்ளைய அனுப்புகுன்னு அவரோட பெணங்கிட்டு இருந்தேன். ஒமக்கு உறக்கம் வந்துதா?"

"வரல."

"நல்லது." கையைக் கழுவினார். கூடையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "வாரும்."

"எங்க?"

"மணவாளக்குறிச்சிக்கு. அங்க வச்சுச் சொன்னத இஞ்ச வந்து காதுல சொன்னா கணக்கு சரியாயிருமா? சந்தையில சொன்னத சந்தையில போய்ச் சொல்லும்."

ஆட்டோ பிடித்தார்.  டீக்கடை முன் இறங்கி, கடைக்காரரைக் கூப்பிட்டு, "இட்லி வேவிச்ச கதைய முழுசாக் கேளும்" என்று சொல்லிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டி நின்றார். பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கோடு, ரப்பர், கருகல், ஏழு நாள். கடைக்காரர் கேட்டுவிட்டு, "அப்பம் மந்திரிச்ச தண்ணி நல்ல தண்ணிதான்?" என்றார்.

"நல்ல தண்ணி" என்றேன்.

அங்கிருந்தே ரோஸம்மா திருவனந்தபுரத்துக்காரரை ஃபோனில் அழைக்க வைத்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னார். கார்பன் மின்சாரம் கடத்தும் என்று தெரியாதா என்று அவர் கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் தெரிந்திருந்தது என்றேன்.  பிறகு, "நிங்ஙள் எந்தினா இதை என்னைக் கூப்பிட்டுச் சொல்லுகிறது?" என்று பாதி மலையாளத்தில் காரணம் கேட்டார். பையனின் வேலையில் குற்றமில்லை, அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றேன். இஞ்சின் சரியானதும் அழைக்கச் சொன்னார். வாக்குறுதி எதுவும் தரவில்லை. அன்று வீட்டுக்கு வந்த ஸ்டான்லியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

வாக்குறுதி இல்லாத அந்த ஒரு வார்த்தையை நம்பி, இருபத்தேழாம் தேதி ஸ்டான்லி டிக்கெட்டை ரத்து செய்தான்.

அக்டோபர் 17, மறுபடியும் ஒரு செவ்வாய். டேஷ்போர்டின் ஏழு துளையிலும் ரப்பர் வளையம், வெட்டு ஓரம் முழுக்கப் பூச்சு, விசிறிக்குத் தானியங்கிச் சுவிட்ச். விளக்கைப் பன்னிரண்டு முறை போட்டு அணைத்தேன். ஊசி அசையவில்லை. அதன் பிறகும் ரேடியேட்டர் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ரோஸம்மா ஏறி உட்கார்ந்து, குப்பியைத் திறந்து, ஏழு மீட்டரிலும் முன்பைவிடத் தாராளமாகவே தடவினார். குளச்சல் போய்த் திரும்பி வந்து இறங்கினார்.

"காலு என்ன சொல்லுகும்மா?" என்று கேட்டேன்.

"ஊசி சொல்லுகதத்தான் சொல்லுகு. ஆனா நான் கால மொதல்ல கேட்டேன்."

நான்கு கார் கேட்பதாக இருந்தவர் இரண்டு கேட்டார். ஸ்டான்லி இராஜாக்கமங்கலத்தில்தான் இருக்கிறான். வேண்டுமானால் போய்ப் பாருங்கள். ரப்பர் தெரிகிறது. அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே இனி உங்கள் கூட்டத்தில் யாராவது தீர்த்தக் கதையை எடுத்தால் மைக்கைப் பிடுங்குங்கள். சம்பந்தமில்லாத ஊசி ஆடினால் வண்டியை வாசல் தாண்ட விடாதீர்கள், யார் காத்திருந்தாலும். உட்கார்ந்திருக்கிறவர் சுடுகிறது என்றால் மீட்டரைக் காட்டி வாயடைக்காதீர்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வராததுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு.

நஷ்டத்துக்கு நான் கொடுத்த பணத்தை ஸ்டான்லி வாங்க மறுத்தான். "வாங்குல, சாரு குடுக்கட்டும். குடுத்தாத்தான் அவருக்கு உறக்கம் வரும்" என்று ரோஸம்மா முடித்துவிட்டார். இஞ்சின் வேலைக்கு முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அவன் ஏறாத விமானத்தின் டிக்கெட்டில் திரும்பி வராமல் போனது பதினாலாயிரத்து இருநூற்றைம்பது. ரப்பர் வளையம் ஏழு, ஒன்று நான்கு ரூபாய் வீதம் இருபத்தெட்டு. ஆக, ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு ரூபாய்.